வாசிக்காத பதினாலு

மருந்துக் கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பதினோரு வருஷமாக எந்த மருந்தை எடுத்தாலும் அட்டையில் விரலை வைத்து, பெயர், அளவு, காலாவதி தேதி என்று எழுத்தெழுத்தாக இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான், சரிபார்த்ததாகப் பில்லில் கையெழுத்துப் போடுவாள். வாசிக்காத அட்டைக்குக் கையெழுத்து கிடையாது. பெத்த அப்பனே வந்து கேட்டாலும் கிடையாது.

அந்த விரல்தான் அவள் கழுத்தை அறுத்தது.

தானும் மருந்தாளுநர் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் படிப்புக்குக் கல்லூரியில் சேர ஆங்கில வாசிப்புத் தேர்வில் தேற வேண்டும். நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம், இருபத்தெட்டு சரியாக இருந்தால் போதும். மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. முதல் முறை இருபத்து மூன்று கேள்விக்கு விடை போட்டாள். இருபத்து மூன்றும் சரி. அடுத்த முறை இருபத்தைந்து, அத்தனையும் சரி. மிச்சத்தை வாசிக்க நேரமில்லாமல் வெள்ளையாக விட்டுவிட்டு வந்தாள். போட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை, ஆனாலும் ஃபெயில். யாருக்குத்தான் வயிறு எரியாது?

வேன் ஓட்டும் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா, குத்துமதிப்பா ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்படிச்சிட்டு வர வேண்டியதுதானே? தப்புக்கு மார்க் குறைக்க மாட்டோம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்களே!"

"வாசிக்காததுல எப்படிங்க கை வைக்கிறது?"

"அது பரீட்சைத் தாளும்மா. யாரும் முழுங்கப் போறதில்லை."

இரண்டு நாள் அவன் தட்டை டங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள் அவளே சமையலறை மேடையில் பயிற்சிப் புத்தகத்தை விரித்தாள். அவன் கைபேசியில் நேரம் வைத்தான். முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒரே தாவு. புத்தகம் அப்படித்தான் சொன்னது. விரல் தாவமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தேனீயைப் பற்றி நாலு பத்தி, பாலம் கட்டுவதைப் பற்றி ஆறு பத்தி. எவன் எழுதினானோ, நாசமாய்ப் போக, சுற்றிச் சுற்றி வளைத்திருந்தான். ஒரு மாதத்தில் கண் தாவப் பழகிவிட்டது.

பழகிய கண் கடைக்கும் கூடவே வந்தது. கூட்டம் நெரித்த ஒரு மதியம், ஐந்து மில்லிகிராம் மாத்திரை கேட்ட பெரியவருக்கு ஐம்பதை எடுத்துவைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள். பையைக் கொடுக்கப்போன கடை மருந்தாளுநர் கவனித்து, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா, நீயா?" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பின்னறையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கே பயிற்சிப் புத்தகம் அலமாரி உச்சிக்குப் போயிற்று.

"அப்போ பரீட்சை?" என்றான் புருஷன்.

"என் விரலோடதான் எழுதுவேன். வந்தா வருது, போனா போகுது." சொன்னாளே தவிர, போனால் இந்த ஜென்மத்துக்கும் கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கிறவள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

தேர்வுக்கூடத்தில் விரல் பழையபடி வரிவரியாக ஊர்ந்தது. இருபத்தாறாவது விடையைப் போட்டு நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தில் இரண்டே நிமிஷம் பாக்கி. சீ, தேற இன்னும் ரெண்டு விடை! வெறும் ரெண்டு! பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பதினாலிலும் மூன்றாவது வட்டத்தை மளமளவென்று கறுப்படித்தாள். திருடுகிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. முப்பது. வாசித்த இருபத்தாறும் சரி, வாசிக்காத பதினாலில் நாலு சரி.

"அடி சக்கை! பாஸு!" என்று குதித்தான் புருஷன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். "ஏம்மா, சந்தோஷமா இல்லையா?"

"வாசிப்புப் பரீட்சைங்க இது. ரெண்டு தடவை வாசிச்சேன், வெளியே தள்ளினாங்க. வாசிக்காம கை வெச்சேன், உள்ளே வான்னு கூப்பிடுறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

அவன் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை மேடையில் வைத்தான். மொத்தம் பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்துப் போடு, போதும். அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும்."

அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"மணி நாலும்மா!"

"தெரியுது. கையை எடுங்க, எழுத்தை மறைக்குது."