அடியில் செருகிய அட்டை

போன வாரம் என் மனைவி எஸ்தருக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன். மார்பில் ஒரு கட்டி.

காலையிலேயே பச்சை கவுன் கொடுத்துவிட்டார்கள். தோடு, வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். கடைசியாக அவள் பைபிளுக்குள் இருந்து ஒரு அட்டை.

"இதையும் வச்சிக்கங்க. உள்ள கொண்டுபோக விட மாட்டாங்களாம்."

பார்த்தேன். தெரிந்த அட்டை.

நன்னிலம் பக்கம் எங்கள் சர்ச்சில், வருடப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கட்டாக அடுக்கிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு.

இந்த வருடம் எனக்கு வந்தது, 'பயப்படாதே' என்று தொடங்கும் வசனம்.

நல்ல வார்த்தைதான். ஆனால் சும்மா இருப்பவனிடம் யாராவது பயப்படாதே என்பார்களா? ஏதோ வரப்போகிறது... அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறார் என்று தோன்றியது. வயலில் சம்பா கதிர் முற்றி நிற்கிறது. ஒரு மழை போதும், எல்லாம் சாய்ந்துவிடும்.

போதகர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அட்டையைக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு வேறு ஒன்று எடுத்தேன். களஞ்சியம் நிரம்பும் என்று இருந்தது. நிம்மதியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதற்கும் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

அறுவடை நன்றாகவே இருந்தது. மாசியில் எஸ்தர் கட்டியைப் பற்றிச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒரே எண்ணம். எனக்கு வந்ததை நான் தள்ளினேன் — அது அவள் மேல் விழுந்துவிட்டது. என் தப்புக்கு அவளைத் தண்டிக்கிற கடவுளிடம் நான் என்ன பேச? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். எல்லோரோடும் கண்ணை மூடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. அவளுக்கு எந்த அட்டை வந்தது என்று கேட்கவும் பயம்.

ஆஸ்பத்திரியில் அந்த 'பயப்படாதே' அட்டையே என் கையில் இருந்தது. சொல்லிவிட்டேன்.

"எஸ்தர், இது எனக்கு வந்த அட்டை. நான்தான் திருப்பி வச்சேன்."

"தெரியுமே. உங்க பின்னாடிதானே நின்னேன். திருட்டு முழி முழிச்சிக்கிட்டுச் சொருகினீங்களே... அதுக்கு முன்னாடியே எட்டிப் பார்த்துட்டேன்."

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"அடியில கையை விட்டுத் தேடி எடுத்தேன்."

"ஏன்?"

கவுனின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"கட்டி டிசம்பர்லயே கையில தட்டுப்பட்டுச்சுங்க. அறுப்பு முடியட்டும்னு இருந்தேன். உங்ககிட்ட சொல்லலாம்னா... ஒரு அட்டைக்கே அந்தப் பயம் பயந்தீங்க. எனக்கு யாராச்சும் பயப்படாதேன்னு சொன்னாப் போதும்னு இருந்துச்சு."

நர்ஸ் கூப்பிட்டார். உள்ளே போய்விட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் அட்டையைத் தள்ளியதால் எதுவும் வரவில்லை. கட்டி அதற்கு முன்பே இருந்திருக்கிறது. அதோடுதான் எனக்குச் சோறு போட்டாள். அதோடுதான் என்னோடு வந்து கதிர் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் என் குற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தேகப்படுவது பாவமா? அது போதகருக்குத்தான் தெரியும். ஆனால் சந்தேகத்தை ஒளித்துவைத்துவிட்டு நல்ல விசுவாசி மாதிரி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பவர் தனியாகிவிடுகிறார். இது எனக்கே தெரியும்.

கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான் என் ஜெபம்.

"ஆமென்" என்றாள் எஸ்தர். "இதைச் சொல்ல இத்தனை மாசமா உங்களுக்கு?"