தம்பியின் தலைக்குக் கரண்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் உத்திரமேரூரிலிருந்து பழையசீவரம் வரைக்கும் எந்தக் கிணற்றில் பம்புசெட் மோட்டார் எரிந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்ததைப் பிரித்துப் பிரித்து நானே கற்றேன். கரண்டு விஷயத்தில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தம்பி பேச்சை நிறுத்தினான். பிறகு சாப்பாட்டையும். சுவரைப் பார்த்தே படுத்திருப்பான். மந்திரித்தும் பார்த்தாகிவிட்டது. எலும்பும் தோலுமாக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இப்படியே விட்டால் தாங்கமாட்டான் என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர், மூளைக்குக் கரண்டு கொடுக்கிற வைத்தியத்தையே ஆராய்ச்சி செய்கிறவர். "மயக்க ஊசி போட்டுட்டு, தலையில சில விநாடி வைப்போம்," என்றார்.

கரண்டு அடித்துச் செத்தவனைக் கிணற்றிலிருந்து தூக்கியவன் நான்.

"பொட்டிய நான் பாக்கணும் சார்."

சிரிக்கவில்லை, கூட்டிப்போய்க் காட்டினார். என் டெஸ்டரை வைத்தேன். பெட்டியின் பாடியில் கரண்டு லீக் இல்லை, எர்த்தும் சரி. "நல்லாதான் கீது, குடுங்க," என்று உத்தரவு கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

"உங்க கையெழுத்து மட்டும் எனக்குப் போதாது. தலை அவரோடது, அவரைக் கேக்கணும்."

"பேசாத ஆளை இன்னா சார் கேக்கறது? அவனுக்கு எல்லாமே நான்தான். கண்ணாலமே நான் பாத்துப் பண்ணி வெச்சதுதான்."

டாக்டர் தம்பியிடமே சொன்னார்: சமீபத்தில் நடந்தவை மறந்துபோகலாம், எவ்வளவு என்பது தனக்கே முழுசாகத் தெரியாது, அதைத்தான் ஆராய்கிறார், வேண்டாமென்றால் மருந்து கொடுத்துப் பார்ப்பார். தம்பி அசையவில்லை. மறுநாளும் வந்து அதையே சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய், தலையையாவது ஆட்டுடா!"

மெதுவாக என் பக்கம் திரும்பினான். "நீ வெக்க மாட்டியே?"

"இன்னாது?"

"கரண்டு. நீ வெச்சா வோணாம். அவுரு வெக்கட்டும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நாலாவது தடவை கரண்டு வைத்து முடிந்து, தம்பிக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர் சொன்னான். என்னைக் காட்டி, "எங்கண்ணன்," என்றான். ஆஸ்பத்திரிக்கு வந்தது எப்போது? தெரியவில்லை. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். போனால் போகிறது, அந்த நாட்கள் யாருக்கு வேண்டும்?

"பசிக்குதுண்ணா. இட்லி கெடைக்குமா?"

எட்டு வாங்கி வந்தேன். அவன் ஏழு தின்றான். மீதி ஒன்றை வாயில் போட்டபோதுதான் எனக்கும் பசி தெரிந்தது.