புரொப்பெல்லரில் ஒரு மஞ்சள் வட்டம்

இதை நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நம்பாவிட்டால் எனக்குத்தான் நல்லது. ஏனென்றால் இதில் நான் நல்லவனாக வரவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நேரத்தை எல்லாம் நிமிடம் பிசகாமல் சொல்கிறேன். எங்கள் வேலையில் எதைச் செய்தாலும் மணி பார்த்து எழுதுவது பழக்கம். அந்தப் பழக்கம்தான் பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் விமான மெக்கானிக். பெரிய விமானங்கள் இல்லை. பறக்கக் கற்றுக்கொடுக்கும் சின்னப் பள்ளி ஒன்று, தகரக் கூரை போட்ட ஒரு ஹேங்கர், அதற்குள் நான்கு விமானங்கள். அங்கே எனக்குப் பதினாறு வருடம். என் மனைவியின் தங்கை கணவனும் அங்கேதான் மெக்கானிக். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

எல்லோரும் அவனைக் 'காது' என்று கூப்பிடுவார்கள். ஓடுபாதையின் அந்தக் கோடியில் எஞ்சின் ஓடினால், இங்கே டீ குடித்துக்கொண்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பான். அவ்வளவுதான். பிறகு பிரித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் இருக்கும். விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லரைக்கூட விரல் நகத்தால் நுனியிலிருந்து அடிவரை தட்டித் தட்டிக் கேட்பான்.

எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னைவிட ஐந்து வயது சின்னவன். எனக்குப் பிறகு வந்தவன். மேனேஜர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. "தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு பொறுமை பாருங்க" என்பாள் என் மனைவி. நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரொப்பெல்லர் பிளேடு அலுமினியம். அதில் சாதாரணப் பென்சிலால் குறி போடக் கூடாது. பென்சில் கரி பட்ட இடம் நாளடைவில் உள்ளுக்குள் அரித்துப் போகும். புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் என் காதில் செருகிய பென்சில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது யார் புத்தகத்தைப் பார்த்தார்கள்? அவன் வந்ததும் மகளுடைய டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சிலைக் கொண்டுவந்தான். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுவான். வட்டத்தின் முடிவில் சின்னதாக ஒரு வால் இருக்கும்.

"காது இப்போ கலர் அடிக்கவும் கத்துக்கிச்சு" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பேர் உட்காரும் விமானத்தின் புரொப்பெல்லரை ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துச் சரிபார்க்க, அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. இரண்டாயிரம் மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு வருடம் ஆகியிருக்க வேண்டும். எது முந்துகிறதோ அப்போது கழற்றி அனுப்ப வேண்டும் என்பது அதைச் செய்த கம்பெனியின் கணக்கு. இது ஓடியது ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம்தான். ஆனால் ஆறு வருடம் அந்த மாதத்தோடு முடிகிறது. எங்களைப் போன்ற சின்ன இடத்தில், மெக்கானிக் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

காது பார்த்தான். 'அனுப்ப வேண்டும்' என்று எழுதினான். அனுப்பினால் ஆறு வாரம் விமானம் தரையில் கிடக்கும். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே காதுக்கு வயிற்று வலி. குடல்வால் அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சீஃப் மெக்கானிக் மாசக் கடைசில போறார். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"முடிவெடுக்கத் தெரிஞ்ச ஆள்தான் அந்த இடத்துக்கு வேணும். புரொப்பெல்லரை நீங்க ஒரு தடவை பாருங்க."

புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் சீஃப் நான். போடாவிட்டால் காது.

எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் மறுநாள் முதல் பறப்பில் பைலட் பக்கத்தில் உட்கார வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் இதுவரை யாரும் மீறியதில்லை. காலை ஏழு மணிக்குப் பறப்பு என்று போர்டில் எழுதிவிட்டார்கள். என் உயிரையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சீஃப் அறையில் இருக்கும் அந்தச் சுழல் நாற்காலியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலை 5.50. எல்லோரும் போய்விட்டார்கள். போன் வந்தது. மனைவி.

"தங்கச்சி வீட்டுக்காரரை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க வர்றீங்களா இல்லையா?"

"வேலை இருக்கு."

"உங்களுக்கு என்னைக்குத்தான் வேலை இல்ல?"

வைத்துவிட்டாள்.

ஹேங்கர் கதவை உள்ளே பூட்டிவிட்டு, எஞ்சின் தற்செயலாகக் கிளம்பிவிடாமல் இருக்க விமானத்தின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புரொப்பெல்லரைக் கையால் திருப்பிப் படுக்கை வாக்கில் நிறுத்தினேன். ஒரு பிளேடு இந்தப் பக்கம், ஒரு பிளேடு அந்தப் பக்கம். விளக்கை அடித்து ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கிரீஸ் கசிவு இல்லை. ஆட்டம் இல்லை.

6.18. இடது பிளேடின் பின்பக்கம், அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுப்புப் பெயின்டில் ஒரு கோடு. தலைமுடி அளவு. ஒரு நகத்தின் நீளம்.

விரலால் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பெயின்ட் வெடிப்பு என்று சொல்லிக்கொண்டேன். பெயின்டைச் சுரண்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சுரண்டியிருக்கலாம். ஏதாவது இருந்துவிட்டால் காது சொன்னது சரி என்று ஆகிவிடும்.

நான் சுரண்டவில்லை.

6.38. மேஜைக்கு வந்து லாக் புக்கைத் திறந்தேன். 'பரிசோதித்தேன். நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் பாக்கி. நேரம் எழுதச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

6.41.

டிங்.

பின்னாலிருந்து. பேனா நின்றது.

டிங்...

தகரக் கூரை குளிரில் சுருங்கும்போது சத்தம் வரும். அது என்று நினைத்தேன்.

டிங்...

இல்லை. இது நகத்தால் தட்டும் சத்தம். நுனியிலிருந்து அடியை நோக்கி நகர்கிறது. வருடக்கணக்கில் எரிச்சலோடு கேட்ட சத்தம். எனக்குத் தெரியாதா?

டொக்.

நான்காவது மட்டும் செத்த சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. கதவு நான் பூட்டியபடியே இருந்தது.

ஆனால் புரொப்பெல்லர் படுக்கை வாக்கில் இல்லை. நட்டுக்குத்தலாக நின்றது. அதைக் கையால் திருப்பினால் எஞ்சின் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவே இல்லை. விமானத்தின் சாவி என் பையில். தொட்டுப் பார்த்தேன்... இருந்தது.

6.42. ஒரு வாசனை. ஹேங்கரில் பெட்ரோலும் கிரீஸும் தவிர வேறு வாசனை கிடையாது. இது ஆஸ்பத்திரி வாசனை. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தடவுவார்களே... அது.

ஓடியிருக்க வேண்டும். கால் வேறு பக்கம் போனது. விமானத்தை நோக்கி.

6.43. கீழே நின்ற பிளேடின் பின்பக்கம் விளக்கை அடித்தேன்.

மஞ்சள் வட்டம்.

முடிவில் சின்ன வால்.

வட்டத்துக்குள் அந்தக் கோடு. நான் பார்த்த கோடு. பார்த்துவிட்டு விட்ட கோடு.

விரல் வைத்தேன். மெழுகு இன்னும் பிசுபிசுத்தது.

புரொப்பெல்லரின் நடுவில், மூக்கு மாதிரி ஒரு வெள்ளித் தொப்பி இருக்கும். கண்ணாடி போல முகம் தெரியும்.

அதில் என் முகம்.

என் தோளுக்குப் பின்னால்...

பச்சைத் துணி.

ஒரு தலை.

இடது பக்கம் லேசாகச் சாய்ந்து...

கேட்டுக்கொண்டிருந்தது.

கத்தினேன் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளித் தொப்பியில் டியூப் லைட் மட்டும் தெரிந்தது. வாசனை போய்விட்டது. கடிகாரம் 6.45.

லாக் புக்கில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். 'கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வட்டத்தை அழிக்கத் தோன்றவில்லை. தொடவே பயம்.

7.30க்கு மனைவி மறுபடி கூப்பிட்டாள். அழுதிருந்தாள். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் இதயம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டதாம். திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களாம். இப்போது நன்றாக இருக்கிறானாம். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மேனேஜர் என்னோடு பத்தொன்பது நாள் பேசவில்லை. இருபதாவது நாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஓவர்ஹால் பட்டறையிலிருந்து போன் வந்ததாம். பெயின்டை எடுத்துச் சாயம் ஊற்றியதும் விரிசல் சிவப்பாகத் தெரிந்ததாம். பிளேடின் பாதி தடிமன் வரை போயிருந்ததாம். இன்னொரு தடவை எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் பிளேடு பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்றார்களாம்.

"பெயின்டுக்கு மேல பார்த்தா விரிசல்னே சொல்ல முடியாதாம்யா! உங்க ஆள் எப்படி வட்டம் போட்டு அனுப்பினார்னு கேக்கறாங்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று நினைத்தார். மறுநாளே என்னைச் சீஃப் ஆக்கினார்.

பட்டறையின் அறிக்கையை என் மேஜையில்தான் வைத்தார்கள். விரிசலுக்குக் காரணம், பெயின்டுக்குக் கீழே இருந்த ஒரு பழைய பென்சில் கோடு. அந்த இடம் அரித்து, அங்கிருந்துதான் பிளந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பிளேடில் கல் பட்டுச் சின்னக் குழி விழுந்தது. குறி போட்டு, அரத்தால் ராவி, பெயின்ட் அடித்தது நான். பென்சில் என் பென்சில்.

அன்று மாலை காதைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

"வாங்க சீஃப்!" என்று சிரித்தான். கள்ளம் இல்லாத சிரிப்பு. "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? எனக்கே சந்தேகம்தான் இருந்துச்சு. இடம் தெரியல."

"தட்டிப் பார்த்தேன்" என்றேன்.

"பார்த்தீங்களா, உங்களுக்கும் காது இருக்கு!"

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போதுகூட, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான் வந்தது. மயக்கத்தில் கிடந்துகூட என்னைவிட நன்றாக வேலை பார்க்கிறானே என்று.

கிளம்பும்போது மச்சினி வாசல்வரை வந்தாள். ஆஸ்பத்திரித் தாள்களை நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க அத்தான். அன்னைக்கு ஒரு நர்ஸ் வேற என்னைத் திட்டித் தீர்த்துட்டா. தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் அவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவி நகமெல்லாம் வெட்டிவிட்டேன். அவளும் பார்த்தா. வெளிய வந்தப்போ வலது கை விரல் நகத்துக்குள்ள மஞ்சளா மெழுகு. இப்படியா அழுக்கோட அனுப்புவீங்கன்னு கேக்கறா. எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல."

நான் தாளைப் பார்த்தேன். இதயம் நின்ற நேரம் 6.41. திரும்பிய நேரம் 6.45.

நான்கு நிமிடம். தியேட்டர் கதவுக்கு வெளியே அவன் மனைவி நின்றிருந்தாள். வீட்டில் மகள் இருந்தாள். அவன் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

என்னிடம் வந்திருக்கிறான்.