பெர்னதெத் அக்கா கழுவிய நீலக் கார்

பெர்னதெத் அக்கா என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. எப்படிச் சேர்ந்தாய் என்று யாராவது கேட்டால், இன்டர்வியூவில் பிரமாதமாகப் பதில் சொன்னேன் என்று அளந்துவிடுவேன். இங்கே மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு விவேக் நகரில் கார் பாலிஷ் கடை. குழந்தை இயேசு கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டு கார் நிறுத்தினால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஷோரூமில் புது வண்டிகளை டெலிவரி கொடுக்கும் பகுதியில் ஒன்பது வருடம் இருந்தார். புத்தம்புது காரிலேயே அழுக்குத் துணியால் துடைத்த கீறல் தெரிகிறதே என்று எரிச்சல்பட்டு, அங்கிருந்த பாலிஷ்காரர்களிடம் மெஷினைப் பிடுங்காத குறையாக வாங்கித் தொழில் பழகியவர். வியாழக்கிழமை கோயிலில் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. அதனால் வியாழன்தோறும் கடையைச் சாத்திவிட்டு, வேலைக்கு இருந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குக் கார் கழுவப் போவார். வாரம் பத்து என்று மாதத்துக்கு நாற்பது கார். கடை ஓடியதே அந்த நாற்பது காரால்தான்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அக்கா டார்ச் அடித்துச் சுற்றி வருவார். சொந்தக்காரரையும் கூடவே நடக்க வைத்து, "இது போவும் சார். இது போவாது. இது ஆழமா இறங்கிடுச்சு, தேய்ச்சா பெயின்ட்தான் போவும்" என்று ஒவ்வொரு கீறலாகக் காட்டுவார். பாதிப் பேர் போகாததைப் போக்கும் கடையைத் தேடிப் போய்விடுவார்கள். பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று நாங்கள் சிரிப்போம்.

நாங்கள் என்றால், மெயின் ரோட்டில் இருந்த அர்ஜுனன் அண்ணன் கடை. வாணியம்பாடியிலிருந்து வந்த நான், கிஷோர், அங்கே தலைமைப் பாலிஷ்காரன். அண்ணன் அகராதியில் போகாத கீறலே கிடையாது. பெரிய கேனில் வாங்கும் சாதா பாலிஷைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, ஐந்து வருட கோட்டிங் என்று நாங்களே லேபிள் ஒட்டுவோம். கீறல் போகாவிட்டால் அதன்மேல் கிளேஸ் என்கிற எண்ணெய்ப் பசையைத் தடவுவோம். பள்ளம் நிரம்பி, கண்ணாடியாய் மின்னும். நல்ல ஷாம்பு போட்டு ஒரு தடவை கழுவினால் சாயம் வெளுத்துவிடும். அதற்குள் வண்டி எங்கள் வாசலைத் தாண்டியிருக்கும்.

அந்த அபார்ட்மென்ட்டின் செயலாளர் வெங்கடராமன் சார், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கருநீலக் காரின் பானெட்டில் ஒரு கீறல். அக்கா போகாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் போகும் என்றார். கார் எங்கள் கடைக்கு வந்தது.

அன்று நாலு வண்டி. அவசரத்தில் பானெட்டின் ஓரத்தில் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திவிட்டேன். பெயின்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் கருகி, உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போனது. பதறியதில் பின்கதவிலும், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, இன்னொரு இடத்தைக் கருக்கினேன். அண்ணன் வந்து பார்த்தார். "கிளேஸ் போட்டுக் குடுத்துடு. ஜோரா போட்டோ எடுத்து வச்சிக்க" என்றார். அப்படியே செய்தேன்.

அடுத்த வியாழன் அந்தக் காரை அக்கா கழுவினார். ஒழுங்காகக் கழுவினார், அதுதான் வினை. பானெட்டில் நான் தடவிய பசை கரைந்து ஓடியது, கருகல் பல்லைக் காட்டியது. வெங்கடராமன் சார் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் அந்த போட்டோவை அனுப்பி, "நாங்க குடுக்கறப்ப கண்ணாடி சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி அக்காவை நிறுத்துவது என்று பேச்சு.

"நாப்பது காரும் நமக்குத்தான். நீதான் அங்க சூப்பர்வைசர்" என்று சொல்லி, ஞாயிறு காலை கொட்டேஷன் கவரை என் கையில் கொடுத்து அனுப்பினார் அண்ணன். நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். என்னைப் பற்றி யாரும் உயர்வாக நினைக்க வேண்டாம்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், அந்தக் காருக்குப் பக்கத்தில் அக்கா தரையில் மண்டிபோட்டு, தன்னுடைய கழுவும் துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடராமன் சார் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"என்னம்மா பண்றே?"

"ஷாம்பு பெயின்ட்டக் கருக்காது சார். ஆனா துணில ஏதாவது கல்லு, மண்ணு மாட்டி நான்தான் கவனிக்காம தேய்ச்சிட்டேனோன்னு பாக்கறேன்."

பதினொரு வருடம் கார் கழுவிய கை அது. நான் செய்த காரியத்துக்கு அந்தக் கையையே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைத் திட்டியிருந்தால், கத்தியிருந்தால், நான் கவரைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"சார், அது அக்கா இல்ல. நான்தான் கருக்கினேன்."

"நீ யாருப்பா?"

"அர்ஜுனன் அண்ணன் கடைல பாலிஷ் போடறவன் சார்."

"ஹௌதா?" என்று, அப்படியா என்பதைக் கன்னடத்தில் இழுத்தார். "இவ சொல்லிக்குடுத்துக் கூட்டிண்டு வந்தாளா?"

அவர் நம்ப மாட்டார் என்று புரிந்தது. அக்காவின் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு துணியையும் கேட்காமலே எடுத்தேன். "இன்னொண்ணு இருக்கு சார். இங்க பசைய இன்னும் தடிமனாத் தடவினேன், ஒரு தடவ கழுவினதுல வெளில வரல." பின்கதவில், கைப்பிடிக்கு மேலே, ஸ்பிரிட்டை நனைத்து நாலு இழுப்பு இழுத்தேன். பசை துணியோடு வந்தது. அதே வெளுப்பு, உள்ளங்கை அகலத்துக்கு.

வெங்கடராமன் சார் குனிந்து விரலால் தடவினார். பானெட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அக்காவிடம், "மன்னிச்சுக்கோம்மா. வியாழக்கிழமை வழக்கம்போல வந்துடு" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "இதச் சொல்ல உனக்கு மூணு நாள் ஆச்சாடா? மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல" என்று விட்டார் ஒரு டோஸ். வாங்கிக்கொண்டேன். அதற்குள் அண்ணனிடமிருந்து போன். கவரைக் கொடுத்துவிட்டாயா என்றார். நடந்ததைச் சொன்னேன். இந்தப் பக்கமே வந்துவிடாதே என்று கட் செய்தார்.

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். துணிகளை மடித்துப் பையில் வைத்தார். "அந்த எட்ஜுல மெஷின்ல என்ன பேட் மாட்டின?"

"கம்பளி பேட் அக்கா."

"எட்ஜுல கம்பளியா? சூடேறிக் கருகாம என்ன செய்யும், மடையா. நாளைக்குக் கடைக்கு வா, எப்படிப் பிடிக்கணும்னு காட்டறேன். வியாழக்கிழமை என்கூட இங்க வந்துடு."

வெங்கடராமன் சார் குறுக்கிட்டார். "அம்மா, நீ வா. இவன் வேண்டாம். என் காரைப் பாழ் பண்ணினவன் இந்தக் கேட்டுக்குள்ள வரப்படாது."

சார் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. கிளம்பலாம் என்று திரும்பிவிட்டேன். நாற்பது கார் இப்போதுதான் அக்கா கைக்குத் திரும்பி வந்திருக்கிறது, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப நானும் வரமுடியாது சார்" என்றார் அக்கா, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "இவன் என் கடை ஆளு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையில் இருந்தது ஸ்பிரிட் துணி ஒன்றுதான், அதனால் அப்படியே நின்றேன். இந்த ஊரில் யாரும் என்னை அதற்கு முன் தன் ஆள் என்று சொன்னதில்லை.

வெங்கடராமன் சார் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லிஃப்ட்டை நோக்கி நடந்தபடியே, திரும்பாமல் சொன்னார்:

"செக்யூரிட்டிகிட்ட இவன் பேரையும் எழுதிக் குடுத்துட்டுப் போ."