கயிற்றைப் பிடித்த ஜேர்மன் அம்மா

முள்ளிக்குளத்தில் நாங்கள் கடலில் விரித்த கரைவலையை இரண்டு கயிற்றால் கரைக்கு இழுக்கும்போது, தமிழ் படித்த அந்த ஜேர்மன் அம்மா வந்து நிற்பார். ஒவ்வொரு மிடறு தேநீரையும் கண்ணை மூடியே குடிப்பார்.

குடிப்பதற்கு ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் உள்ள 'டிரிங்க்', 'டிரிங்கன்' என்ற சொற்கள் ஒரே பழஞ்சொல்லில் பிறந்தவையாம். அதற்கு முதலில் 'இழுத்தல்' என்றே பொருளாம். இந்த இரண்டையும் வைத்து ஊகித்த, எழுத்தில் எங்குமில்லாத அந்தச் சொல்லை அவர் எழுதும் புத்தகத்திலிருந்து எடுத்துவிடும்படி அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"ஆரும் காணாத சொல்லுக்கு ஏனம்மா சண்டை? விட்டிடுங்கோ," என்று வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி சிரித்தார்.

அம்மா கோப்பையை மணலில் வைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்.

"வலையும் இப்ப கண்ணுக்குத் தெரியேல்லை. ரெண்டு கயிறும் ஒரு வலைக்குத்தானே போகுது? நீங்கள் விட்டிட்டுப் போவீங்களோ? நானும் விடமாட்டன்."

நான் கூச்சத்தோடு நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

புத்தகம் வந்ததோ தெரியாது. தண்ணீர் குடிக்கும்போது, வாய் அதை இழுப்பதை இப்போதும் கவனிக்கிறேன்.