நாற்காலி அளக்கிறவர்

மண்டபப் பணியாளர் தரையில் கன்னம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து, இரு நாட்டுத் தூதர்கள் உட்காரப்போகும் நாற்காலிகளை அடியில் நோட்டம் விட்டார். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு இழுத்து, இரண்டும் ஒரே உயரந்தானா என்று அளவு நாடாவால் பார்த்தார். நேற்றும் பார்த்ததுதான். "நடுவுல யார் வந்து என்ன செஞ்சாங்களோ, யார் கண்டா."

பேச்சுவார்த்தை மண்டபத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுவே அவர் வேலை. யாரையும் நம்பமாட்டார். பூ ஜாடியைத் தூக்கி அடியில் பார்ப்பார். புது ஆள் வணக்கம் சொன்னால், பதிலுக்குச் சொல்லிவிட்டு, எதற்குச் சொன்னார் என்று அன்று முழுக்க யோசிப்பார்.

பழைய காலத்து விஷயமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் அம்மா தேநீர் வேளையில் சொல்வது. ஒரு பேரரசர் சபையில் எந்தத் தூதரும் நெற்றி தரையில் பட விழவேண்டுமாம். தூதர் கொண்டுவந்த பொருளை அங்கே கப்பம் என்று எழுதிக்கொள்வார்களாம். அனுப்பிய ராஜாவோ தன் நாட்டில் அன்பளிப்பு என்று எழுதிவைப்பாராம். இன்னொரு தேசத்தில், பக்கத்து நாட்டுக்காரன் பகையாளி, அவனுக்கு அடுத்தவன் சிநேகிதன் என்று நூலே எழுதிவைத்தார்களாம்.

"எங்க தெருவைப் பாத்துட்டுத்தாம்மா எழுதியிருப்பாங்க" என்றார் இவர்.

வேறொரு பக்கம், வருடக்கணக்கில் வெட்டி மடிந்த பிறகு, எல்லா அரசும் சமம் என்று கையெழுத்துப் போட்டார்களாம். "அந்தச் சமம்தான் உங்க நாற்காலி" என்றார் அம்மா.

"எழுதினது சரிம்மா. உக்காரும்போதுல்ல பாக்கணும்."

இன்று பார்வை இன்னும் கூர்மை. லாரி ஓட்டும் இவர் மருமகன் பனிமூட்டத்தில் வழி தவறி எல்லை தாண்டிவிட்டார். ஏழு மாதமாக அந்த நாட்டுச் சிறையில். மகள் கைக்குழந்தையோடு இவர் வீட்டில். பிடிபட்டவர்களை விடுவது பற்றித்தான் இன்றைய பேச்சு. சின்ன மனத்தாங்கல் போதும், எழுந்து போய்விடுவார்கள்.

அந்த நாட்டுப் பணியாளரும் தம் நாடாவோடு வந்தார். தம் தூதரின் நாற்காலியை ஓர் அழுத்து அழுத்தினார். ஆடியது. ஒரு பின்னங்காலுக்கு அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துண்டைக் காணோம்.

"எங்களுக்குன்னு தேடிப் பிடிச்சுப் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லங்க. அளக்குறேன் அளக்குறேன்னு நானே இழுத்து இழுத்துக் கழட்டியிருக்கேன்."

"மாட்டினவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். துண்டைத் தேட நேரமில்லை. ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு, இவர் இரண்டு நாற்காலிகளையும் இடம் மாற்றினார்.

"ஆடுறது எங்க ஐயாவுக்கே இருக்கட்டும்."

அந்த மனிதர் அதையும் நம்பவில்லை. மாற்றி வைத்ததை நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. பிறகு அதன் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தூதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இவருடைய தூதருக்குக் கனத்த சரீரம். நாற்காலி ஒரு பக்கம் சாயப் பார்த்தது. அதன் பின்னால் கைகட்டி நின்றிருந்த இவர், முகத்தில் எதையும் காட்டாமல், தம் ஷூவின் முனையை கம்பளி போன பின்னங்காலுக்கு அடியில் மெல்ல நுழைத்தார்.