அட்மிஷனை நிறுத்தாத வருடம்

கம்ப்யூட்டர் லேப் கதவைத் திறந்ததும் முகத்தில் மோதும் ஏசிக் குளிர்... கூடவே லேசான துரு வாசனை. காலாப்பட்டில் கடல் பக்கத்திலேயே வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. சிபியு ஸ்க்ரூகூட ஆறு மாதத்தில் பழுப்பேறிவிடும்.

அவற்றைக் கழற்றி, துடைத்து, மாட்டுவதுதான் அப்போது என் வேலை. யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்டில் லேப் அசிஸ்டென்ட். நெல்லித்தோப்பிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன். எம்.சி.ஏ. முடித்திருந்தேன். ஆனால் வகுப்பறைக்குள் நான் போனதெல்லாம் புரொஜெக்டர் வேலை செய்யாத நாட்களில் மட்டும்தான்.

அந்த வருடம் ஒரே கோடையில் மூன்று ஆசிரியர்கள் போய்விட்டார்கள். ஒருவர் ரிட்டயர்டு. ஒருவருக்குச் சென்னையில் கம்பெனி வேலை. இன்னொருவர் கணவரோடு கனடா. மிச்சம் நான்கு பேர். புது போஸ்ட் போட ஒரு வருடமாவது ஆகும். அதுவரை எம்.எஸ்சி.க்கு அட்மிஷன் வேண்டாம் என்று மேலிடத்தில் பேச்சு.

எங்கள் ஹெச்.ஓ.டி. ஜோசபின் மேடம். பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பம். கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பாரிஸில். கோடை லீவு, அவர் பாஷையில் 'வாக்கான்ஸ்', விட்டால் மேடமும் அங்கேதான். அட்மிஷன் பற்றி மேலிடம் கூப்பிட்ட மீட்டிங் முடிந்து அன்று நேராக லேபுக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம் நிறுத்துனா அவ்ளோதான். திரும்ப ஆரம்பிக்க மாட்டாங்க. முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"பாடம் எடுக்க ஆள் வேணுமே மேடம்?"

"அதத்தான் அவங்களும் கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன்."

"யாரு?"

"நீதான். ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர் உனக்கு. பர்மிஷன் வாங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "வெளயாடாதீங்க மேடம். நான் லேப் ஆளு."

"அதனாலதான் கேக்கறேன். மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்களவிட ஒனக்குத் தெரியும். நான் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். எனக்கு இந்த வருஷம் வாக்கான்ஸ் இல்ல... ஒனக்கும் இல்ல."

மேடம் தன் பங்குக்கு மூன்று பேப்பர் எடுத்துக்கொண்டார். லீவு முழுக்க நான் படித்தேன். சமையல் மேடைமேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்ததில் இரண்டு பக்கத்தில் சாம்பார் கறை.

முதல் வாரம் எப்படியோ ஓடியது. இரண்டாவது வாரம் 'டெட்லாக்' பாடம். ஒரு புரோகிராம் இன்னொன்றுக்காகக் காத்திருக்க, அது இதற்காகக் காத்திருக்க, இரண்டும் நகராமல் நிற்கும் நிலை. பாதியில் முத்துலட்சுமி எழுந்தாள். பக்கத்து மீனவக் கிராமத்துப் பெண். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"அக்கா, அப்படி நின்னுட்டா நெஜமாவே இந்த மெஷின் என்ன பண்ணும்?"

புத்தகத்தில் நான்கு வழிகள் இருந்தன. எங்கள் லேப் மெஷின் அதில் எதைச் செய்யும்? எனக்குத் தெரியவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"தெரியல. நாளைக்குச் சொல்றேன்."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அன்று ஈ.சி.ஆர். ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது கண் கலங்கிவிட்டது. திரும்பிப்போய் மேடத்திடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கே லேபைத் திறந்தேன். ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும் மாதிரி இரண்டு சின்ன புரோகிராம்கள் எழுதினேன். வகுப்பு நேரம் வந்ததும் எல்லாரையும் லேபுக்கே கூப்பிட்டேன். ஓடவிட்டேன். இரண்டும் நின்றன. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

"பாத்தீங்களா? இது ஒண்ணுமே பண்ணாது. நாமதான் ஒண்ண நிறுத்தணும். முத்துலட்சுமி, வா. எத நிறுத்தலாம்? நீயே சொல்லு."

அவள் யோசித்து, ஒன்றை நிறுத்தினாள். மற்றது சட்டென்று ஓடி முடிந்தது. லேபே கைதட்டியது! அதற்குப் பிறகு அந்தப் பேப்பரை நான் கரும்பலகையில் நடத்தியது குறைவு. பாதிக்கு மேல் லேபில்தான்.

வருடக் கடைசியில் வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "ஓ.எஸ். யாரு எடுத்தாங்க? பசங்க கைவச்சு செஞ்சு பாத்த மாதிரி பதில் சொல்றாங்களே" என்று கேட்டார். மேடம் என்னைக் கைகாட்டினார். நான் அப்போது பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் போஸ்ட் நிரம்பியது. வந்தவர்கள் எல்லாரும் பிஎச்.டி. என் நோட்ஸைக் கொடுத்துவிட்டு லேபுக்குத் திரும்பினேன். ஒரு வாரம் மனசு கேட்கவில்லை. பெல் அடித்தால் கால் தானாக வகுப்புப் பக்கம் போகும்.

இப்போது டிபார்ட்மென்ட்டே வேறு. ஏ.ஐ.க்குத் தனி கோர்ஸ் வந்துவிட்டது. ஆசிரியர்கள் உட்கார ரூம் போதவில்லை. மெஷின்களைத் துடைக்கக் கான்ட்ராக்ட் ஆட்கள் வருகிறார்கள், லேபில் நான் மேற்பார்வை மட்டும். ஜோசபின் மேடம் ரிட்டயர்டாகிப் பாரிஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அந்த வருடம் நாங்கள் எல்லாரும் ஒரே டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்ட மதியங்கள் மட்டும் இப்போது இல்லை.

போன வாரம் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்த ஒரு தம்பி, வராந்தாச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பேட்ச் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே போனவர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார்.

"மேடம், இதுல நீங்க ஃபேகல்டி வரிசையில ஒக்காந்திருக்கீங்களே?"

"ஆமாம் சார். அந்த வருஷம் இந்த கோர்ஸுக்குப் பாடம் எடுக்க அஞ்சு பேருதான். அதுல நான் ஒருத்தி."